பூசணிக்காய் எந்தக் கட்சி?

பெப்ரவரி 3, திங்கள்

இன்று அலுவலகத்தில் எனக்கு ஒரு நாட்குறிப்பு தந்தார்கள். நல்ல தடித்த அட்டை. முன்பக்கத்தில் எங்களுக்கு உதவி செய்யும் நாட்டின் கொடி. கொடியின் கீழே 'அந்நாட்டு மக்களின் அன்பளிப்பு' என்ற வாசகம். இதே கொடியும் இதே வாசகமும் எங்கள் கதிரை, மேசை, குப்பைக்கூடை, தேநீர்க் கோப்பை, மலசலகூடக் கதவு எல்லாவற்றிலும் ஒட்டப்பட்டிருக்கின்றன. கொடுத்தது யார் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியவேண்டும் என்பது அவர்களுடைய விதி. அதற்குப் 'புலப்படுத்தல் நெறிமுறை' என்று பெயர். அந்தப் பெயரை மொழிபெயர்த்தவன் நான்தான்.

நாட்டின் பெயரை இங்கே எழுதக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் எழுதமாட்டேன். எங்கள் பக்கத்தில் நாட்குறிப்பை எழுதியவர் மட்டும்தான் வாசிப்பார் என்று நிச்சயமில்லை.

என்னைப் பற்றி ஒரு வரி. நான் பரஞ்சோதி மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். இப்போது 'மக்களாட்சி மலர்ச்சித் திட்ட'த்தின் நொச்சிக்கேணிக் கள இணைப்பாளர். ஒப்பந்தம் மார்ச் கடைசியில் முடிகிறது. எல்லாம் ஒழுங்காக நடந்தால் புதுப்பிப்போம் என்று மிஸ் ஆனிக்கா சாடையாகச் சொல்லியிருக்கிறார்.

மிஸ் ஆனிக்கா திட்டப் பணிப்பாளர். என் மூத்த மகளைவிட வயது குறைவு. நல்ல பிள்ளை. ஆபிரிக்காவில் ஒரு நாட்டிலும் தென்னமெரிக்காவில் ஒரு நாட்டிலும் மக்களாட்சியை மலர வைத்துவிட்டு இங்கே வந்திருக்கிறார். அந்த நாடுகளில் இப்போது நிலைமை எப்படி என்று விசாரித்தேன். "சிக்கலானது" என்றார்.

இந்த மாதம் ஊருக்கு ஒரு மாதிரித் தேர்தல் நடத்திக் காட்ட வேண்டும். ஆட்களை வேட்பாளராக நிறுத்தினால் அடிபாடு வரும். வீடு, கை, யானை, சைக்கிள், கதிரை என்று எந்தச் சின்னத்தைத் தொட்டாலும் அது ஏதோ ஒரு கட்சிக்குச் சொந்தமாக இருக்கிறது. எங்கள் திட்டத்தில் அரசியல் கலக்கக்கூடாது. "அப்படியென்றால் மரக்கறிகளை நிறுத்துவோம்" என்றேன் நான். மிஸ் ஆனிக்கா எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கத்தரிக்காய், புடலங்காய், பூசணிக்காய் மூவரும் வேட்பாளர்கள்.

வீட்டுக்கு வந்து தேநீர் குடித்தேன். வழக்கம்போல உவர். ஊரிலே நல்ல தண்ணீர் உள்ள கிணறு ஒன்றுதான். அது வைரவர் கோயிலடியில் இருக்கிறது. கோயிலும் கிணறும் அங்கே போகிற றோட்டும் இராணுவ முகாம் வேலிக்கு அந்தப் பக்கம். நாங்கள் இந்தப் பக்கம்.

பெப்ரவரி 8, சனி

பயிற்சிப் பட்டறை. தலைநகரிலிருந்து தேர்தல் நிபுணர் ஒருவர் வந்தார். அவரும் மிஸ் ஆனிக்காவின் நாட்டுக்காரர். வாக்குச்சீட்டை எப்படி மடிப்பது என்று அரை மணி நேரம் காட்டினார். நான் மொழிபெயர்த்தேன். முன்வரிசையில் இருந்த செல்லையர் கையை உயர்த்தினார்.

"தம்பி நல்லா விளங்கப்படுத்துறார். ஆனா நான் வயசு வந்த நாள் தொடக்கம் வோட்டுப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறன். சில முறை நான் போக முதலே என்ரை வோட்டை ஆரோ போட்டும் விட்டிருப்பினம். எனக்கு அந்தக் கரைச்சலும் இல்லை."

நிபுணர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். ஐயாவுக்குத் தேர்தலில் நீண்ட அனுபவம் உண்டு என்றேன். நிபுணர் குறித்துக்கொண்டார்.

பிறகு ஒரு சிக்கல் வந்தது. கத்தரிக்காய்க்கு ஏன் வாக்களிக்க வேண்டும் என்று சனம் கேட்டது. நியாயமான கேள்வி. கொள்கை இல்லாமல் வாக்களிப்பது மக்களாட்சி ஆகாது என்று நிபுணர் சொல்லிவிட்டார். எனவே ஒவ்வொரு மரக்கறிக்கும் ஒரு முகவரைப் போட்டோம். முகவர்தான் மரக்கறியின் சார்பில் பேச வேண்டும். கத்தரிக்காய்க்கு நான் கொள்கை எழுதிக் கொடுத்தேன்: ஊரைத் துப்புரவாக வைத்திருத்தல். புடலங்காய்க்கும் நானே எழுதினேன்: கரப்பந்தாட்டத் திடல். பூசணிக்காயின் முகவர் தயாவதி. என்னிடம் படித்தவள், ஆங்கிலப் பாடத்தில் என்னை நிறைய அழ வைத்தவள். இப்போது தையல் மெசினை வைத்துக்கொண்டு தனியாக இரண்டு பெண் பிள்ளைகளை வளர்க்கிறாள்.

"உனக்கும் எழுதித் தரட்டோ?" என்றேன்.

"வேண்டாம் மாஸ்டர். நான் சொல்லுறன்."

எழுந்து நின்றாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

"பூசணிக்காய் வெண்டால் கிணத்தடி றோட்டுத் திறபடும். அவ்வளவுதான்" என்றுவிட்டு இருந்தாள்.

கைதட்டல் நிற்க நேரமெடுத்தது. நிபுணர் ஆவலோடு என்னைப் பார்த்தார். பூசணிக்காய் உட்கட்டமைப்பு வசதிகளை வலியுறுத்துகிறது என்று சொன்னேன். பிழையான மொழிபெயர்ப்பு என்று யாரும் சொல்ல முடியாது.

பெப்ரவரி 12, புதன்

புடலங்காயின் சுவரொட்டி முழுவதையும் செல்லையரின் ஆடு தின்றுவிட்டது.

பெப்ரவரி 16, ஞாயிறு

தேர்தல். சனம் கோயில் திருவிழாவுக்கு வருவதுபோல உடுத்திக்கொண்டு வந்தது. பொய்த் தேர்தல் என்று எத்தனை தடவை சொன்னாலும் தலையாட்டிவிட்டு வரிசையில் போய் நின்றார்கள். விரலுக்கு மை பூசினோம். மை பூசாவிட்டால் வாக்குச் செல்லாது என்று இரண்டு கிழவிமார் திரும்பி வந்து சண்டை பிடித்துப் பூசிக்கொண்டு போனார்கள். என் மனைவி பவளமும் புதுச் சேலையில் வந்தாள். யாருக்குப் போட்டாய் என்று கேட்டேன்.

"அது இரகசியமெண்டு நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள்" என்றாள்.

பூசணிக்காய் வென்றது. வென்றது என்று சொன்னால் போதாது. புடலங்காயின் முகவரே பூசணிக்காய்க்குப் போட்டிருக்கிறான். கத்தரிக்காய்க்கு விழுந்த சில வாக்குகளும் எங்கள் சாரதிமாருடையவை என்று நினைக்கிறேன்.

மிஸ் ஆனிக்காவுக்கு ஆனந்தம். படம் வேண்டும் என்றார். நெறிமுறையின்படி படத்தில் ஒரு பெண், ஒரு உணர்ச்சி, எங்கள் கொடி மூன்றும் இருக்க வேண்டும். தயாவதியைப் பதாகையின் முன்னால் நிறுத்தி, கையில் பெரிய பூசணிக்காய் ஒன்றைக் கொடுத்தேன். அவளுக்குக் கூச்சம். "உயர்த்திப் பிடி பிள்ளை. சிரி. பல்லுத் தெரியச் சிரி" என்றேன். சிரித்தாள். படம் அருமையாக வந்தது. எனக்குக் கமெராவில் கொஞ்சம் கைப்பழக்கம் உண்டு.

பெப்ரவரி 18, செவ்வாய்

என் படம் அவர்களுடைய இணையத்தளத்தில் முதற்பக்கத்தில் வந்திருக்கிறது! 'தன் குரலைக் கண்டடைந்த பெண்' என்று தலைப்பு. கீழே அவளுடைய பெயர், ஊர், தொழில் எல்லாம் உண்டு. விபரங்களைக் கொடுத்தது நான்தான். பதினைந்தாயிரம் பேர் விரும்பியிருக்கிறார்களாம். பவளத்துக்குக் காட்டினேன்.

"வடிவாய்த்தான் இருக்கு. ஆனா ஊர் பேரையும் ஏன் போட்டவை?" என்றாள்.

பெண்களுக்கு எதிலும் ஒரு குறை கண்டுபிடிக்க வேண்டும்.

பெப்ரவரி 20, வியாழன்

பெண்கள் ஒரு கூட்டமாக அலுவலகத்துக்கு வந்தார்கள். ஒவ்வொருவர் இடுப்பிலும் வெறுங்குடம். தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டி இன்றும் வரவில்லையாம். தயாவதிதான் கதைத்தாள்.

"பூசணிக்காய் வெண்டிட்டுது மாஸ்டர். றோட்டை எப்ப திறப்பியள்?"

"பிள்ளை, அது மாதிரித் தேர்தல். ஒரு பயிற்சி."

"பயிற்சிதான். வோட்டுப் போட்டுப் பழகியாச்சு. இனி வெண்டபிறகு நடக்கிறதையும் பழக வேண்டாமோ?"

மிஸ் ஆனிக்கா என்னவென்று கேட்டார். இந்த முறை மழுப்ப முடியவில்லை. குடங்கள் முன்னால் நிற்கின்றன. சொன்னேன். அவர் முகம் வாடிப்போனது. மாதிரித் தேர்தலின் முடிவு யாரையும் கட்டுப்படுத்தாது, வேலிக்கு அந்தப் பக்கம் எங்கள் திட்ட எல்லைக்குள் வராது, ஆனால் பெண்களின் ஈடுபாடு ஊக்கமளிக்கிறது என்றார். கொடி போட்ட தண்ணீர்ப் போத்தல் ஆளுக்கொன்று கொடுத்தோம்.

போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒருத்தி சொன்னாள்: "இதிலை அவையின்ரை நாட்டுக் கொடி. தண்ணி எங்கடை நாட்டுக் கடையிலை வாங்கினது."

பெப்ரவரி 24, திங்கள்

சிவில் உடுப்பில் இரண்டு பேர் வந்தார்கள். எந்த அலுவலகம் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மிஸ் ஆனிக்கா தலைநகருக்குப் போயிருந்தார். தேநீர் கொடுத்தேன். ஒருவர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"மாஸ்டர், இந்தப் பூசணிக்காய் யாரு?"

"மரக்கறி, ஐயா."

"அது தெரியும். எந்தக் கட்சி?"

"கட்சி இல்லை. கறிக்குப் போடுகிற பூசணிக்காய்."

"கட்சி இல்லாம எப்பிடி இவ்வளவு வோட்டு? வெளிநாட்டுல இருக்கிற ஆளுங்க தொடர்பு இருக்கா?"

கத்தரிக்காயும் போட்டியிட்டது என்று சொல்லிப் பார்த்தேன். கத்தரிக்காய் எங்களுக்குப் பிரச்சினை இல்லை என்றார். மற்றவர் தன் கைத்தொலைபேசியை எடுத்து என் முன்னால் வைத்தார். என் படம். தயாவதி பூசணிக்காயைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல படம். யாரு எடுத்தது?"

திட்டத்தார் எடுத்தது என்றேன்.

பெப்ரவரி 26, புதன்

தயாவதியை விசாரணைக்கு அழைத்திருக்கிறார்கள். காலையில் போனவள் பொழுதுபட்டுத்தான் வந்தாள். போய்ப் பார்த்தேன். பவளம் என்னைத் தள்ளிக்கொண்டு போனாள் என்பதுதான் சரி. தயாவதி மெசினுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். பிள்ளைகள் இரண்டும் தாயின் முதுகோடு ஒட்டிக்கொண்டு இருந்தன.

"போனை வாங்கி வைச்சிட்டாங்கள். ஆர் உன்னை உயர்த்திப் பிடிக்கச் சொன்னதெண்டு திருப்பித் திருப்பிக் கேட்டவங்கள்."

"நீ என்ன சொன்னனி?" என்று பவளம் கேட்டாள்.

"ஒருத்தரும் சொல்லேல்லை, நானாத்தான் பிடிச்சனான் எண்டன்." பிறகு என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. "நீங்கள்தானே மாஸ்டர் சிரிக்கச் சொன்னனீங்கள். நான் சிரிச்சன்."

திரும்பி வரும்போது பவளம் சைக்கிளில் ஏறவில்லை, முன்னால் நடந்தாள். சைக்கிள் சங்கிலி இரண்டு தடவை கழன்றது. நாளைக்கு எண்ணெய் விட வேண்டும்.

பெப்ரவரி 28, வெள்ளி

மிஸ் ஆனிக்காவுக்கு விஷயம் தெரிந்து அழுதுவிட்டார். உண்மையாகவே அழுதார். மூக்கு சிவந்துபோனது. உடனே தன் நாட்டுத் தலைமையகத்தோடு பேசினார். தலைமையகத்தில் கவலைக்கு மூன்று படிகள் உண்டாம். கவனித்து வருகிறோம், கவலை கொள்கிறோம், ஆழ்ந்த கவலை கொள்கிறோம். மூன்றாவது படிக்கு அமைச்சரின் அனுமதி வேண்டும். தயாவதிக்கு முதலாவது படி கிடைத்தது.

"மூன்றாவதுக்குப் பிறகு என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன்.

"திரும்பவும் கவனித்து வருவோம்" என்றார். நகைச்சுவையாகச் சொல்லவில்லை.

வேறு இரண்டு முடிவுகளும் எடுத்திருக்கிறார்கள். படம் இணையத்தளத்திலிருந்து அகற்றப்பட்டது. பதினைந்தாயிரம் பேர் பார்த்த பிறகு. மற்றது, மாதிரித் தேர்தலை மறுபடி நடத்த வேண்டும். அவர்களுடைய துணை அமைச்சர் அம்மையார் மார்ச் நடுவில் ஊருக்கு வருகிறார். அவர் முன்னிலையில் ஒரு 'சமநிலையான' தேர்தல் நடக்க வேண்டும். பூசணிக்காய் போட்டியிடக் கூடாது. மக்கள் தெரிந்தெடுத்த மரக்கறியைத் தடை செய்வது மக்களாட்சிக்குப் பொருந்துமா என்று கேட்க வாயெடுத்தேன். பிறகு ஒப்பந்தம் ஞாபகம் வந்தது.

மார்ச் 1, சனி

தேநீர் உவர். பவளம் என்னோடு கதைப்பதில்லை. இரண்டுக்கும் தொடர்பில்லை.

மார்ச் 5, புதன்

தயாவதியை மறுபடியும் அழைத்தார்கள். இந்த முறை பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எது என்று கேட்டார்களாம். அதைச் சொல்லும்போது சின்னவளின் பின்னலை அவிழ்த்துத் திரும்பப் பின்னினாள். தையலுக்குக் கொடுத்த துணிகளை ஊரார் ஒவ்வொருவராக வந்து திருப்பி எடுத்துக்கொண்டு போகிறார்கள். பயம்தான். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பவளம் மட்டும் போய் இரண்டு சட்டைக்குத் துணி கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். எனக்கு ஒன்று, தனக்கு ஒன்று. எனக்கு அளவு எடுக்கவில்லை. "உங்கடை அளவு அவளுக்கு இப்ப நல்லாய்த் தெரியும்" என்றாள் பவளம்.

மார்ச் 9, ஞாயிறு

அமைச்சர் அம்மையாரின் வருகைக்கு நிகழ்ச்சி நிரல் தயாரிக்கும் பொறுப்பு என்னுடையது. இந்த வேலையில் என்னை யாரும் மிஞ்ச முடியாது. பள்ளிக்கூடத்தில் எத்தனை பரிசளிப்பு விழா நடத்தியவன். வரவேற்பு, மங்கள விளக்கேற்றல், வரவேற்பு நடனம், தலைமையுரை, தேர்தல், பிரதம விருந்தினர் உரை, நன்றியுரை.

பாதுகாப்பு ஒழுங்குகளுக்காக முகாம் பொறுப்பதிகாரியைச் சந்திக்கப் போனேன். மரியாதையான மனிதர். நல்ல ஆங்கிலம். தேநீர் கொண்டுவரச் சொன்னார். ஒரு வாய் குடித்தேன். பிறகு கோப்பையைக் கீழே வைக்காமல் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டேன். என்ன விஷயம் என்று கேட்டார்.

"தேநீர் நன்றாக இருக்கிறது" என்றேன்.

"இந்தக் கிணற்றுத் தண்ணீர் அப்படி" என்றார்.

அப்போதுதான் நிகழ்ச்சி நிரலில் ஒரு குறை எனக்குப் பட்டது. நிறைகுடம்! வெளிநாட்டு அமைச்சர் ஒருவரை நிறைகுடம் இல்லாமல் வரவேற்பதா? அந்தத் தண்ணீரும் கோயிற் கிணற்றுத் தண்ணீராக இருக்க வேண்டும். பவுசர் தண்ணீரை நிறைகுடத்தில் வைத்தால் ஊருக்கு ஆகாது. விருந்தாளிக்கும் அவமரியாதை, அந்த அம்மையார் வெளியில் போய் என்ன நினைப்பார்? எல்லாவற்றையும் பணிவாக எடுத்துச் சொன்னேன். தங்கள் பக்கத்திலும் நிறைகுடம் வைப்பார்கள் என்றார் அவர். சரி, ஒரு காலை, ஒரு மணித்தியாலம், வேலிப் படலையைத் திறந்துவிடலாம் என்றார்.

"எத்தனை குடம்?"

"வீட்டுக்கு ஒன்று" என்றேன்.

அப்படியும் ஒரு வழக்கம் எங்கள் ஊரில் உண்டா என்று பவளம் பிறகு கேட்டாள். எல்லா வழக்கமும் ஏதோ ஒரு நாள் தொடங்கியதுதானே என்றேன். பதினொரு நாளைக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஒரு வேலையைத் திருத்தமாகச் செய்வதற்காகச் செய்தேன். வேறு நோக்கம் எதுவும் இல்லை என்பதைக் குறித்து வைக்கிறேன்.

மார்ச் 12, புதன்

வெள்ளை வேட்டியைப் பவளம் நீலம் போட்டு அலசிவிட்டாள், உவர்த் தண்ணீரில் மஞ்சள் பற்றுகிறது என்று. மிஸ் ஆனிக்காவிடம் நெறிமுறை பற்றி ஒரு சந்தேகம் கேட்டேன். அமைச்சரின் படம் எத்தனை மணிக்குள் வெளியாக வேண்டும்? அன்றைக்கே, உலகம் முழுவதும் என்றார். படத்தின் கீழே வரும் வாசகத்தை யார் எழுதுவது? கள இணைப்பாளர்.

மார்ச் 14, வெள்ளி

இரவு வெகு நேரமாகிவிட்டது. ஆனாலும் எழுதுகிறேன்.

காலையில் படலை திறந்தது. வீட்டுக்கு ஒருத்தியாகப் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். தயாவதி கடைசியில் ஒதுங்கி நின்றாள். நான் போய் அவளைக் கூட்டிக்கொண்டு வந்து முன்னுக்கு விட்டேன். "மாஸ்டர், வேண்டாம்" என்றாள். "நிகழ்ச்சி நிரலில் அப்படித்தான் இருக்கு" என்றேன்.

அமைச்சர் அம்மையாரின் வாகனம் நினைத்ததைவிட முன்கூட்டியே வந்துவிட்டது. இது எனக்கு எதிர்பாராதது என்று சொன்னால் முழுக்கச் சரியாகாது. நேரத்தை அறிவித்தவன் நான்தான். இறங்கியவர் குடங்களைக் கண்டதும் என்ன இது என்று கேட்டார். விருந்தினரை வரவேற்க ஊரே தண்ணீர் அள்ளப் போகிறது என்றேன். தானும் வருவேன் என்றார். இந்த நாட்டுக்காரர்கள் ஒரு பண்பாட்டைக் கண்டுவிட்டால் விடமாட்டார்கள். பாதுகாப்புக்காரர் பதறினார். அம்மையார் குடம் ஒன்றை வாங்கி இடுப்பில் வைக்கப் பார்த்தார், அது வழுக்கியது, தயாவதி பிடித்துச் சரியாக வைத்துவிட்டாள். இருவரும் முன்னால் நடந்தார்கள். பின்னால் ஊர். அந்த றோட்டில் பற்றை முளைத்துக் கிடந்தது. நடக்கும்போதே பெண்கள் சிலர் குனிந்து பற்றையைப் பிடுங்கி எறிந்துகொண்டு வந்தார்கள், தங்கள் முற்றத்தைக் கூட்டுவதுபோல.

கிணற்றடியில் செல்லையர் வைரவரைக் கண்டு வாய்விட்டு அழுதார். தயாவதி அள்ளி ஊற்றினாள். அமைச்சர் அம்மையார் கைகளை ஏந்திக் குடித்தார். பொறுப்பதிகாரியும் வந்து நின்றார். மூவரையும் ஒன்றாக நிறுத்திப் படம் எடுத்தேன். அமைச்சர் சிரித்தார், அதிகாரி சிரித்தார். தயாவதி சிரிக்கவில்லை. சிரி என்று நான் சொல்லவும் இல்லை.

நடையில் நேரம் போய்விட்டதால் தேர்தலுக்கு அவகாசம் இல்லை. புடலங்காய்க்கு ஏற்கெனவே சுவரொட்டியும் இல்லை, முகவரும் இல்லை. ஆகவே கத்தரிக்காய் போட்டியின்றித் தெரிவு செய்யப்பட்டதாக அறிவித்தேன். அமைச்சர் அம்மையார் கைதட்டினார். ஊரும் நன்றாகவே கைதட்டியது.

நன்றியுரை நான். ஆங்கிலத்தில் பேசினேன். விருந்தினருக்கு நன்றி சொன்னேன். பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பி, கோயிலுக்கும் கிணற்றுக்கும் போகும் இந்தப் பாதையை இன்று முதல் மக்களுக்கு நிரந்தரமாகத் திறந்துவிட்ட பெருந்தன்மைக்கு நொச்சிக்கேணி மக்கள் என்றும் கடமைப்பட்டவர்கள் என்றேன். 'நிரந்தரமாக' என்ற சொல் நான் எழுதி வைத்த உரையில் இல்லை. வாயில் வந்துவிட்டது. அதிகாரி என்னைப் பார்த்தார். அதற்குள் அமைச்சர் அம்மையார் எழுந்து போய் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இதைத் தன் நாட்டுப் பாராளுமன்றத்தில் சொல்வேன் என்றார். கமெராக்கள் எல்லாம் திரும்பின. அதிகாரி மெதுவாகச் சிரித்தார்.

இன்றிரவே படம் வெளியானது. வாசகம் என்னுடையது. தயாவதியின் பெயரை அமைச்சரின் பெயருக்குப் பக்கத்தில் போட்டேன். ஊர்ப் பெயரையும் போட்டேன்.

மார்ச் 15, சனி

காலையில் எழும்பி முதலில் படலையைத்தான் போய்ப் பார்த்தேன். திறந்திருந்தது.

மார்ச் 20, வியாழன்

இன்னும் திறந்திருக்கிறது. அதிகாரிக்கு மேலிடத்திலிருந்து பாராட்டு வந்ததாம். என்னைக் கண்டபோது, "மாஸ்டர், நீங்கள் மொழிபெயர்ப்பாளர் என்று நினைத்திருந்தேன்" என்றார். கோபமா விளையாட்டா என்று தெரியவில்லை. இரண்டு இரவுகள் வாசலில் வாகனச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டு படுத்திருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். யாரும் வரவில்லை.

தயாவதியைப் பிறகு அழைக்கவில்லை. அமைச்சரோடு நிற்கும் ஒருத்தியை அழைத்துப் பூசணிக்காயைப் பற்றி என்னவென்று கேட்பது? ஆனால் அவளுடைய தொலைபேசியை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

மார்ச் 31, திங்கள்

திட்டம் முடிந்தது. இறுதி அறிக்கையில் நொச்சிக்கேணி 'வெற்றிக் கதை'. பாதைப் பிரச்சினை தீர்ந்துவிட்டது, கத்தரிக்காய் ஏகமனதாகத் தெரிவாகியிருக்கிறது, ஆகவே இங்கே மக்களாட்சி மலர்ந்துவிட்டதென்று தலைமையகம் முடிவு செய்திருக்கிறது. மலர்ந்த இடத்துக்கு நிதி கிடையாது. என் ஒப்பந்தமும் அதோடு சரி. மிஸ் ஆனிக்கா வேறொரு நாட்டுக்குப் போகிறார். அங்கே நிலைமை சிக்கலானதாம். போகும்போது பவளத்தைக் கட்டிப்பிடித்து அழுதார். கொடி போட்ட கதிரைகளை எல்லாம் ஏற்றிக்கொண்டு போனார்கள். நாட்குறிப்பை மட்டும் என்னிடம் விட்டார்கள்.

ஏப்ரல் 2, புதன்

வேலை இல்லாதவனுக்கு வீட்டில் ஒரு வேலை வந்திருக்கிறது. விடிய எழும்பி இரண்டு வாளியோடு கிணற்றடிக்குப் போகிறேன்.

படலைத் தூணில் இன்று ஒரு நீத்துப்பூசணி தொங்கியது. கரியால் கண்ணும் மீசையும் பல்லும் கீறியிருந்தது. காவலுக்கு நின்ற சிப்பாய்ப் பொடியன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். தயாவதி அந்த வழியாகக் குடத்தோடு வந்தாள். இது என்ன என்று அவளிடம் பாதித் தமிழிலும் பாதிச் சைகையிலும் கேட்டான்.

"கண்ணூறு படாமலிருக்க" என்றாள்.

அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. அவனுடைய ஊரிலும் கண்ணூறுக்கு நீத்துப்பூசணிதானாம். காவலரணுக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டான். பிற்பகல் போய்ப் பார்த்தேன். காவலரண் வாசலிலும் ஒன்று மீசையோடு தொங்குகிறது. நான் திரும்பி வரும்போது சிவில் உடுப்புக்காரர் அந்த இரண்டு பேரும் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். படலையில் தொங்குவதைப் பார்த்தார்கள், காவலரணில் தொங்குவதைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

காலையில் நடந்த ஒன்றை எழுத மறந்துவிட்டேன். மறக்கவில்லை, கடைசிக்கு வைத்தேன். தண்ணீர் அள்ளிக்கொண்டு திரும்பும்போது தயாவதி படலையடியில் நின்றாள். இடுப்பில் நிறைந்த குடம். தலைக்கு மேலே பூசணிக்காய்.

"மாஸ்டர், ஒரு படம் எடுங்கோவன். இந்த முறை நீங்கள் சொல்லாமலே சிரிக்கிறன்."

சிரித்தாள். என்னிடம் கமெரா இல்லை, திட்டத்தார் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றேன். அது உண்மைதான். இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன். இரண்டு வாளியையும் கீழே வைத்துவிட்டு, அவள் சிரித்து முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

பவளம் தேநீர் போட்டுத் தந்தாள். நல்ல தேநீர்.